கேட்டால் கை தூக்கவும்

ஜூன் 14

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா சுகம், நான் சுகம், என் காது மட்டும் வழக்கம்போல் விடுமுறையில் இருக்கிறது. உன் உடம்பு எப்படி? புது இடத்துத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே. போன ஞாயிறு நீ போனில் "மெத்தை கிடைச்சாச்சுப்பா" என்று சொன்னாய். எனக்கு விழுந்தது "அத்தை கிடைச்சாச்சு." எம்.பி.ஏ. படிக்கப் போன இடத்தில் நமக்கு ஏது அத்தை என்று யோசித்தபடியே, "எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். "கொஞ்சம் பழசு. நடுவுல குழி விழுந்திருக்கு" என்றாய். பாவி, அது மட்டும் தெளிவாகக் கேட்டது. அந்தம்மாவுக்கு என்ன வியாதியோ என்று டீக்கடை வரைக்கும் போய் வருத்தப்பட்டுவிட்டு வந்தேன். உன் அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினாள். போனில் எழுத்தாக அனுப்பலாம் என்றால் என் விரல் ஒன்றை அமுக்க மூன்று விழுகிறது. ஆகவே இனிமேல் கடிதம்தான்.

பட்டறையில் எல்லாம் பழையபடி. பிரஸ் இயந்திரங்கள் தகர மூடிகளை அடித்துத் தள்ளுகின்றன. அந்தச் சத்தத்தில் நாங்கள் ஒருவர் தோளை ஒருவர் தட்டித்தான் பேசுகிறோம். ஒரு தட்டு என்றால் டீ. இரண்டு தட்டு என்றால் மேஸ்திரி மீசை வருகிறார், ஜாக்கிரதை. வருஷாந்திரக் காதுப் பரிசோதனையும் முடிந்தது. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு ஒருவன் பெட்டியில் பொத்தானை அமுக்குவான். சத்தம் கேட்டால் கை தூக்க வேண்டும். எங்களில் பாதிப் பேருக்கு அவன் மேளமே அடித்தாலும் கேட்காது. ஆனால் அவன் கட்டைவிரல் அசைவதைப் பார்த்துத் தூக்கினால் போதும். இந்தத் தடவையும் முதல் வகுப்பில் பாஸ். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைக்காத வகுப்பு.

பக்கத்து பிரஸ் மொட்டை விசாரித்தான். "டமாரம், பொண்ணு என்னதான் படிக்குது?"

அந்தப் பெயரை நீ எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும் எனக்கு வாயில் நுழையவில்லை. "ஊருக்கு நல்லது பண்ணி, அதையே தொழிலா நடத்துற படிப்புடா" என்றேன்.

"நல்லது பண்ணப் படிக்கணுமா? அப்ப நாம இதுவரைக்கும் படிக்காம பண்ணினதெல்லாம் செல்லாதா?"

காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். செவிடனுக்கு இப்படி ஒரு வசதி.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா (டமாரம்)


ஜூலை 3

என் அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அத்தையும் நலம், இன்னும் கொஞ்சம் குழி விழுந்திருக்கிறாள். உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் அறைத்தோழி பயந்துபோய் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா, ஒரு விஷயம். "ஏன் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள்?" என்று வகுப்பில் ஒவ்வொருவரையும் கேட்டார்கள். எல்லாரும் வறுமை, மாற்றம் என்று பெரிதாகப் பேசினார்கள். என் முறை வந்ததும் மெத்தை கதையைச் சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. பிறகு, பட்டறையில் உங்கள் காது போனதையும், வேலை போய்விடும் என்று நீங்கள் அதை மறைப்பதையும் சொன்னேன். பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, "உன் தொழில் உன் வீட்டிலேயே இருக்கிறது" என்றார்.

பட்டறைத் தொழிலாளிகளுக்கு மலிவான காதுக் கருவி. வாங்கக்கூடியதாக, வியர்வையிலும் எண்ணெயிலும் கெட்டுப்போகாததாக. நாம் அதைச் செய்யப்போகிறோம் அப்பா. முதல் கருவி உங்களுக்குத்தான். உங்கள் கதையை நான் வெளியே சொல்லலாமா? வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

அம்மாவுக்கு ஒரு முத்தம். உங்களுக்கு, கேட்கிற பக்கக் காதில் ஒன்று.

உங்கள் வாயாடி


ஜூலை 12

வாயாடி மகளே,

நீ சுகம் என்று படித்ததும் உன் அம்மா சாமி படத்தைப் பார்த்தாள், நான் உன் கையெழுத்தைப் பார்த்தேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது. படிக்கிற பிள்ளை எழுத்து அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கதையைச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகச் சொல். சும்மா கிடக்கிற காது, உனக்காவது உபயோகப்படட்டும். ஒரு காதுக் கதை போதுமா, இரண்டும் வேண்டுமா? ஒரே ஒரு நிபந்தனை. என்னை அழுமூஞ்சியாகச் சொல்லாதே. நான் அழுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். வெங்காயம் நறுக்கும்போது மட்டும் விதிவிலக்கு.

மொட்டையிடம் சொன்னேன். அவன் மகனுக்கு இப்போதுதான் குழந்தை பிறந்திருக்கிறது. "பேரன் 'தாத்தா'ன்னு கூப்பிடறதுக்குள்ள உன் பொண்ணு அதைச் செஞ்சு முடிச்சிருமா?" என்றான். இந்த முறை அவன் கிண்டலாகக் கேட்கவில்லை.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அப்பா


செப்டம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கும் அம்மாவுக்கும் என் அன்பு. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். மூன்று பேர் குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். ஒருவன் கருவியைக் கவனிக்கிறான், ஒருவன் படம் பிடிக்கிறான், நான் மற்ற எல்லாவற்றையும்.

கருவி தயாரிப்பதற்கு முன்னால் யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு பட்டறை வேண்டும். உங்கள் முதலாளியைப் போய்ப் பார்த்தேன் (கோபப்படாதீர்கள், விடுமுறைக்கு வந்தபோதுதான்). நான் நினைத்ததைவிடச் சுலபமாகச் சம்மதித்தார். எங்கள் திட்டத்தில் முதல் கூட்டாளியாகவே சேர்கிறேன் என்றார்.

உங்களால் ஓர் உதவி ஆக வேண்டும். உங்கள் கட்டைவிரல் வித்தையை யாரும் காட்டக் கூடாது. உண்மையாகச் சத்தம் கேட்டால் மட்டும் கை தூக்க வேண்டும். கேட்காவிட்டால் கை மடியிலேயே இருக்கட்டும். பொய்யான முடிவை வைத்து நல்ல கருவி செய்ய முடியாது. நீங்கள் சொன்னால் அவர்கள் கேட்பார்கள்.

அன்புடன்,
வாயாடி


செப்டம்பர் 18

அன்பு மகளுக்கு,

எல்லாரும் சுகம். விடுமுறையில் நீ முதலாளியைப் பார்த்ததை அம்மா என்னிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருப்பாள், எனக்குத்தான் கேட்டிருக்காது. பரவாயில்லை.

நீ சொன்னதைச் சாப்பாட்டு வேளையில் எடுத்துவிட்டேன். யாரும் மசியவில்லை. பேசிப் பேசி என் தொண்டை கட்டிவிட்டது; காது போன இடத்துக்குத் தொண்டையும் துணைக்குப் போயிருக்கும்.

மொட்டைதான் பிடிகொடுக்கவே இல்லை. "பரீட்சையில உள்ளதைச் சொல்லி உருப்பட்டவன் எவன்டா?" என்றான்.

"இது பரீட்சை இல்லடா, வைத்தியம்."

"முதலாளி கையில போய்ச் சேருமா சேராதா, அதைச் சொல்லு."

"சேராது."

"யார் சொன்னது?"

"என் பொண்ணு."

அவன் சாப்பாட்டு டப்பாவை மூடினான். பிறகு, "சரி. உன் பொண்ணு எங்க வீட்டுக் கட்டில்ல குதிச்சு வளர்ந்தது. அது பொய் சொல்லாது" என்றான். அவன் சரி என்றதும் மற்றவர்களும் சரி என்றுவிட்டார்கள்.

உண்மையில் நீ அப்படி எனக்கு எழுதவில்லை. நானாகத்தான் சொன்னேன். நான் சொன்னது சரிதானா? முடிவு முதலாளிக்குப் போகாதுதானே? ஒரு வரி எழுது, போதும். மொட்டையிடம் காட்டுகிறேன்.

அப்பா


அக்டோபர் 5

அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

அடுத்த மாதம் முதல் வாரம் குழுவோடு வருகிறோம். பரிசோதனைக்காகப் பட்டறையின் சரக்கு அறையை ஒழித்துத் தரச் சொல்லியிருக்கிறோம். மொட்டை மாமாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லாம் முறைப்படி நடக்கும்.

அவசரத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
மகள்


நவம்பர் 11

அன்பு மகளே,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? பரிசோதனை அன்று உன்னோடு இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. "அடுத்தவர் வாங்க" என்று நீ கூப்பிட்டபோது எழுந்து வந்தேன், "உட்காருங்க சார்" என்றாய். நான் திரும்பிப் பார்த்தேன், எந்த சாரைச் சொல்கிறாய் என்று. பிறகுதான் விளங்கியது. வேலை என்றால் வேலைதான், தப்பில்லை. உன்னிடம் சார் பட்டம் வாங்க எனக்கு ஒரு செவிட்டுக் காது தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

பழக்கதோஷத்தில் என் கண் உன் கட்டைவிரலுக்குப் போய்விட்டது. நீ கவனித்துவிட்டாய். எழுந்து வந்து என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாய். சுவரில் ஈரம் படிந்து ஒரு வாத்து மாதிரி இருந்தது. அந்த வாத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. கையை மடியிலேயே வைத்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துத் திரும்பினால், நீ பெட்டியை மூடிக்கொண்டிருந்தாய். உன் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு மோசம் என்று எனக்கே தெரியாது, வாயாடி. நீ அதற்காக வருத்தப்படாதே.

மொட்டையும் கை தூக்கவில்லை. காது போன மற்றவர்களும் அப்படியே. ஒருவன்கூட ஏமாற்றவில்லை. வெளியே வந்து ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம், எல்லாரும் சேர்ந்து பெயிலான வகுப்பு மாதிரி.

அப்புறம் அந்தப் படம் பிடிக்கிற தம்பி. மாதிரிக் கருவி ஒன்றை என் காதில் மாட்டி, "கேக்குதாங்க, கேக்குதாங்க?" என்று வாயசைத்தான். அது காதுக்குள் குக்கர் மாதிரி விசில் அடித்தது. வலி தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனுக்கு ஒரே சந்தோஷம். "அப்படியே இருங்க, அப்படியே இருங்க" என்றான். அழுமூஞ்சியாகக் காட்டாதே என்று நான் போட்ட நிபந்தனை அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது. விசில் அடிக்காத கருவி ஒன்றை அனுப்புகிறேன் என்று போனான்.

மொட்டைக்கு நான் சொன்ன வார்த்தைக்கு உன் ஒரு வரி இன்னும் வரவில்லை. வேலை மும்முரம் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

அப்பா


டிசம்பர் 20

மகளுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை.

திங்கட்கிழமை காலை மீசை ஒவ்வொருவராக ஆபீஸுக்குக் கூப்பிட்டார். காது சரியில்லாதவன் பிரஸ் பக்கத்தில் நிற்பது ஆபத்தாம். எச்சரிக்கை மணி கேட்காமல் கை மாட்டிக்கொண்டால் பழி யார்மேல் என்று முதலாளி கேட்டாராம். இத்தனை வருஷமும் அந்த மணி யாருக்கும் கேட்டதில்லை. தோளைத் தட்டித்தான் ஒருவர் கையை ஒருவர் காப்பாற்றினோம். கை தூக்காத எல்லாருக்கும் அன்றோடு வேலை போயிற்று. அவரவர் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள்.

என்னைத் தவிர. கை தூக்காதவர்களில் நான்தான் முதல் ஆள். ஆனால் முதலாளி என் தோளில் கை போட்டார். "நீங்க நம்ம கூட்டாளியோட அப்பாவாச்சே" என்று சொல்லி, ஆபீஸ் வாசலில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார். வருகிறவர்களுக்கு என்னைக் காட்டுவதுதான் இப்போது என் வேலை. பக்கத்தில் இருக்கிற பலகையில் என் படத்துக்குக் கீழே 'பயனாளி' என்று எழுதியிருக்கிறது.

மொட்டை போகும்போது நாற்காலிப் பக்கமாக வந்தான். என் தோளில் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனான். இரண்டு தட்டு என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தேன். மீசை வரவில்லை, யாரும் வரவில்லை. யாரைச் சொன்னான் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ அனுப்பிய புதுக் கருவி வந்தது. விசில் அடிக்கவில்லை. நன்றாக வேலை செய்கிறது. வீட்டில் குழாய் சொட்டுகிறது என்று இப்போதுதான் தெரிந்தது. உன் அம்மா இவ்வளவு காலமும் முணுமுணுத்ததெல்லாம் என்னைப் பற்றித்தான் என்பதும் தெரிந்தது. வேலை போகாமல் மிஞ்சியிருக்கிறவர்கள் டீ குடிக்க என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். எனக்குக் கேட்காது என்ற பழைய நினைப்பில், பக்கத்திலேயே நின்று பேசுகிறார்கள். "டமாரம் பொண்ணைக் கூட்டியாந்து காட்டிக் குடுத்துட்டான், இப்ப ராஜா மாதிரி நாற்காலியில உக்காந்திருக்கான் பாரு." ஒரு எழுத்து விடாமல் கேட்கிறது. உன் நண்பனிடம் சொல், கருவி முதல்தரம்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பரிசோதனை முடிவு முதலாளி கைக்கு எப்படிப் போயிற்று? உனக்குத் தெரிந்து போனதா, தெரியாமல் போனதா? எதுவானாலும் எழுது. நான் உன் அப்பாதான்.

அப்பா


மார்ச் 16

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இத்தனை நாள் எழுதாததற்கும், இதைத் தட்டச்சில் அனுப்புவதற்கும் மன்னிக்கவும். நேரம் கிடைப்பதே இல்லை.

ஒரு நல்ல செய்தி. கல்லூரிகளுக்கு இடையிலான சமூகத் தொழில்முனைவுப் போட்டியில் நாங்கள் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறோம். உங்கள் படத்தைப் பார்த்து நடுவர்கள் கண்கலங்கினார்கள். படிப்பு முடிந்ததும் இதையே நிறுவனமாக நடத்த ஆதரவு கிடைக்கும் என்கிறார்கள். நான் எதற்காக இங்கே வந்தேனோ அது நடக்கப்போகிறது. உங்கள் பட்டறையைப் பார்த்து இன்னும் சில பட்டறைகள் எங்களோடு சேர விரும்புகின்றன.

தொடக்கத்தில் சில மாற்றங்கள் சிலருக்குச் சிரமமாக இருப்பது தவிர்க்க முடியாதது. நீண்ட காலத்தில் எல்லாருக்கும் நன்மையே.

ஏப்ரல் இறுதியில் விழா. நீங்கள் கட்டாயம் வர வேண்டும். முதல் வரிசையில் உங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். பேசி முடித்ததும் நான் மேடையிலிருந்து மெதுவான குரலில், "அப்பா, கேக்குதா?" என்று கேட்பேன். நீங்கள் கை தூக்கினால் போதும். வேறு எதுவும் செய்ய வேண்டாம், பேசவும் வேண்டாம்.

வழிச் செலவுக்கும் தங்குவதற்கும் ஏற்பாடு செய்துவிட்டோம்.

இப்படிக்கு,
தங்கள் மகள்

மொட்டை மாமா எப்படி இருக்கிறார்?


ஏப்ரல் 4

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா நலம். நான் நலம். என் காதும் நலம், இப்போது அதுதான் தொந்தரவு. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று நினைக்கிறேன். தட்டச்சில் எழுதினாலும் தெரிகிறது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் கடிதத்தில் 'நாம்' என்று எழுதியிருந்தாய். இப்போது கடிதம் முழுக்க 'நாங்கள்'. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கும் தமிழில் இந்த வித்தியாசம் தெரியும், மகளே. 'நாம்' என்றால் நானும் உள்ளே இருக்கிறேன். 'நாங்கள்' என்றால் எனக்கு வாசலில் நாற்காலி.

அடியில், கையால் எழுதியிருந்த அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மொட்டை வீட்டுக்குப் போனேன். அவனே கதவைத் திறந்தான். பேரனை இடுப்பில் வைத்திருந்தான். "மொட்டை, எனக்குத் தெரியாதுடா, சத்தியமாத் தெரியாது" என்றேன். உன்னைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை, நீ எழுதினால்தானே சொல்வேன்.

அவன் காதில் கை வைத்துக் காட்டினான். "கேக்கலையே, டமாரம். எனக்குக் காது கேக்காதுன்னு உன் பொண்ணே எழுதிக் குடுத்திருக்கு, மறந்துட்டியா?"

கதவைச் சாத்திக்கொண்டான். அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான். தாழ்ப்பாள் விழுந்தது கேட்டது. உள்ளே அந்தக் குழந்தை "தாத்தா, தாத்தா" என்றதும் கேட்டது. மொட்டை அதற்குத் திரும்பியிருக்க மாட்டான். அவனுக்கும் வர வேண்டிய கருவி எனக்கு மட்டும் வந்து, அவன் பேரன் கூப்பிடுவதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மறுநாள் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டேன். "ஏன், என்ன குறை?" என்று முதலாளி கேட்டார். "காது கேக்குதுங்க, அதான்" என்றேன். நான் ஜோக் அடிப்பதாக நினைத்துச் சிரித்தார். என் ஜோக்குக்கு முதலாளி சிரித்தது அதுதான் முதல் தடவை.

விழாவுக்கு வருகிறேன். வராமல் இருப்பேன் என்று நினைத்தாயா? மகள் மேடையேறும்போது பார்க்காத தகப்பன் உண்டா? வெளுத்த சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்காருவேன். கருவியும் காதில் இருக்கும். நீ நன்றாகப் பேசுவாய், எனக்குத் தெரியும். சின்னதிலிருந்தே வாய்தானே உனக்கு.

பேசி முடித்து "அப்பா, கேக்குதா?" என்பாய். நீதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாய்: கேட்டால் மட்டும் கை தூக்க வேண்டும், கேட்காவிட்டால் கை மடியிலேயே இருக்க வேண்டும், பொய்யாகத் தூக்கக் கூடாது என்று. உன் பேச்சை நம்பி ஒரு பட்டறையே கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. நான் மட்டும் இப்போது எப்படி ஏமாற்றுவேன்?

டிசம்பரில் உன்னிடம் ஒன்று கேட்டேன். அதற்கு உன் பதில் எனக்கு இன்னும் கேட்கவில்லை. அத்தனை பேர் முன்னால் வேண்டாம், மேடையேறும் முன் என் பக்கத்தில் வந்து காதோடு சொன்னாலும் போதும். என்ன பதிலாக இருந்தாலும் சரி. அது கேட்டால் கை தூக்குகிறேன்.

அம்மா உன்னைக் கேட்டாள்.

அப்பா